தகரம் அடித்த தெருவில் காய்ச்சல் இல்லை

வீடு வீடாகப் போய்க் கதவைத் தட்டும் வேலைக்குப் புதிதாக வந்திருக்கிறீர்கள். உங்களில் பாதிப் பேர் பட்டதாரிகள் என்று கேள்விப்பட்டேன். சந்தோஷம். நான் ஐந்தாம் வகுப்பு. அதுவும் உசிலம்பட்டிப் பக்கம், மழை பெய்தால் ஒழுகும் பள்ளிக்கூடத்தில். மழையே பெய்யாத ஊர் என்பதால் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. பதினேழு வயதில் மதுரைக்கு வந்து, தினக்கூலிக்குக் கொசுப் புகை மெஷினைத் தோளில் மாட்டியவன், மேஸ்திரியாக ஓய்வு பெற்றேன். மதுரைக்குத் தெற்கே எந்த வீட்டுத் தண்ணீர்த் தொட்டியில் புழு நெளிகிறது என்று மூடியைத் திறக்காமலே சொல்வேன். படித்த பிள்ளைகள் என்னிடம் வந்து சந்தேகம் கேட்பார்கள். நான் யாரிடமும் போனதில்லை. பெருமைக்காகச் சொல்லவில்லை என்று சொன்னால் அது பொய்.

இப்படிப்பட்ட ஆள் செய்த தப்பை இப்போது கேளுங்கள்.

கொரோனா வந்த முதல் வருஷம், டீக்கடைகள் திறந்த பிறகு எங்கே போனாலும் ஒரே பேச்சு. டிவியில் நாடு நாடாகக் கணக்குப் போடுகிறார்கள். பணக்கார நாட்டில் கொத்துக் கொத்தாகச் சாகிறார்கள். ஏழை நாட்டில் அவ்வளவு இல்லை. ஏன்? நான் வேலை பார்த்த வில்லாபுரத்தில் இதற்கு விடை தெரிந்த ஒரே ஆள் நான்தான் என்று எனக்கு நினைப்பு.

“நம்ம உடம்பு வேற மாப்ள. வெயில்ல காஞ்ச உடம்பு. மிளகு ரசம் குடிச்சு வளந்த உடம்பு. இதுகிட்ட எந்தக் கிருமிடா நிக்கும்?” என்பேன்.

“ஏண்ணே, வெயில் அடிக்கிற நாட்டுலயும்தான சாகுறாய்ங்க?” என்று ஒருவன் கேட்டான்.

“அது வேற வெயில்டா” என்று சொல்லி அவன் வாயை அடைத்தேன்.

அந்த வருஷம்தான் என் பொறுப்பில் இருந்த ஒரு தெருவில் ஆட்டோ ஓட்டும் முருகேசனுக்கு நோய் உறுதியானது. வீட்டுக் கதவில் ஒரு சீட்டு ஒட்ட வேண்டும், அவ்வளவுதான் எனக்குச் சொல்லப்பட்டிருந்தது. சீட்டு காற்றில் பறந்துவிடும் என்று நானாக முடிவு செய்து, தகரம் கொண்டுவந்து வாசலை மறித்து அடித்தேன். என் சொந்த யோசனை. ஒவ்வொரு ஆணிக்கும் தெருவில் ஒரு ஜன்னல் திறந்தது. எனக்கு அது பிடித்திருந்தது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன்.

நாலாவது வீட்டு ஞானமணி சார் மட்டும் வாசலுக்கு வந்தார். மிஷன் பள்ளிக்கூடத்தில் கிளார்க்காக இருந்து ஓய்வு பெற்றவர். மனைவி இல்லை, பியூலா என்று ஒரே மகள். “மேஸ்திரி, சீட்டு ஒட்டுனா போதாதா? உள்ள சின்னப் பிள்ளை இருக்கு” என்றார்.

“சார், நீங்க பள்ளிக்கூடத்தப் பாத்தீங்கள்ல? தெருவ நான் பாத்துக்கிறேன்” என்றேன்.

அவர் உள்ளே போய்விட்டார்.

இரண்டாவது வருஷம் நோய் மறுபடி ஏறியது. ஈஸ்டர் முடிந்து கல்யாணங்கள் தொடங்கிய நேரம். பியூலாவுக்கும் கல்யாணம் நிச்சயமாகியிருந்தது. அவர்கள் வழக்கத்தில் பெண், மாப்பிள்ளை பெயரைக் கோயிலில் மூன்று ஞாயிற்றுக்கிழமை எல்லோர் முன்னாலும் வாசிப்பார்கள். அதை ஓலை வாசிப்பது என்பார்கள். இரண்டு ஓலை முடிந்திருந்தது. மூன்றாவது பாக்கி.

அந்தத் தெருவில் நான் தினமும் காலையில் தாளும் பேனாவுமாகப் போவேன். வாசலில் நின்று, “காய்ச்சல் இருக்கா?” என்று ஒரு குரல் கொடுப்பேன். உள்ளேயிருந்து “இல்ல” என்று ஒரு குரல் வரும். நாற்பது வீட்டை அரை மணி நேரத்தில் முடித்துவிடுவேன். தாளில் பூஜ்யம். மறுநாளும் பூஜ்யம். அடுத்த தெரு இன்னொரு மேஸ்திரியின் பொறுப்பு. அதிர்ந்து பேசாத மனிதர். வீட்டுக்கு வீடு உட்கார்ந்து கதை பேசிக்கொண்டிருப்பார். அவர் தாளில் தினமும் எட்டு, பத்து என்று ஏறிக்கொண்டே போகும். பாவம், வேலை தெரியாத ஆள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒரு வியாழக்கிழமை எங்கள் சுகாதார நிலைய டாக்டரம்மா என் தாளைக் கையில் எடுத்தார். என் மகள் வயதுதான் இருக்கும். பேர் வேண்டாம், தன் பேர் வெளியே வருவதை விரும்பாதவர்.

“மேஸ்திரி, இந்தத் தெரு இன்னைக்கும் பூஜ்யமா?”

“நம்ம கண்ட்ரோல் அப்படிங்கம்மா” என்று நெஞ்சை நிமிர்த்தினேன்.

“பக்கத்துத் தெரு?”

“அது மோசங்கம்மா. இன்னைக்கும் பத்து.”

“அங்க யாராவது செத்தாங்களா?”

“இல்லிங்கம்மா.”

“உங்க தெருவுல?”

“கொரோனாவுல யாரும் இல்ல.”

“வேற எதுல?”

“கடைசி வீட்டுல போன வாரம் ஒரு கேதம். அது நெஞ்சுவலி.”

“அதுக்கு முன்னாடி நாலு நாள் அவர் எப்படி இருந்தாராம்?”

நான் கேட்கவில்லை. கேட்க வேண்டும் என்று தோன்றவே இல்லை.

டாக்டரம்மா பேனாவை மூடி வைத்தார். “டிவில நாடு நாடா நம்பர் போடுறாங்கள்ல, பாக்குறீங்களா?”

“ஒரு நாள் விடாம பாப்பேங்கம்மா.”

“ஒரு நாட்டுல நம்பர் கம்மியா இருந்தா என்ன நெனைப்பீங்க?”

“அங்க நோய் கம்மின்னு.”

“இருக்கலாம். வயசானவங்க கம்மியா இருக்கிற நாடா இருக்கலாம். சீக்கிரமே சுதாரிச்சுக்கிட்ட நாடா இருக்கலாம். ஆக்சிஜன் பக்கத்திலேயே கிடைக்கிற நாடா இருந்தா, நோய் வந்தும் சாவு கம்மியா இருக்கலாம். இல்லன்னா, எண்ணாத நாடா இருக்கலாம். சொன்னா என்ன செய்வாங்களோன்னு ஜனங்க பயந்து வாயத் திறக்காத நாடா இருக்கலாம். டிவில பாத்தா எல்லாம் ஒண்ணுபோலத்தான் தெரியும். உங்க பூஜ்யம் இதுல எது மேஸ்திரி?”

ரசத்தைப் பற்றியும் வெயிலைப் பற்றியும் சொல்ல வாயெடுத்தேன். அதை விழுங்கிவிட்டுத் தாளை வாங்கிக்கொண்டேன்.

வெளியே வந்து வேப்பமரத்தடியில் நின்றபோதுதான் உறைத்தது. டெங்குக் காலத்தில் “வீட்டில் தண்ணீர் தேங்கியிருக்கிறதா” என்று நான் எந்த வீட்டிலும் கேட்டதே இல்லை. கேட்டால் இல்லை என்றுதான் சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். “தாயி, குடிக்கக் கொஞ்சம் தண்ணி” என்பேன். எந்தப் பானையிலிருந்து மொண்டு வருகிறார்கள் என்று என் கண் பின்னாலேயே போகும். அந்த வித்தையை எனக்கு யாரும் சொல்லித்தரவில்லை, நானே கண்டுபிடித்தது. அதையே மறந்துபோகும் அளவுக்குத் தாளும் பேனாவும் எனக்குத் தலைக்கனம் ஏற்றியிருந்தன.

தாளை மடித்துப் பைக்குள் வைத்துக்கொண்டு அந்தத் தெருவுக்குத் திரும்பப் போனேன். முதலில் எந்த வீடு என்று யோசிக்க வேண்டியிருக்கவில்லை. ஞானமணி சார் காலையில் வாசலில் நாற்காலி போட்டுப் பேப்பர் படிப்பவர். நாற்காலி நாலைந்து நாளாக மடக்கியே சாத்தியிருந்தது. தினமும் பார்த்தேன், பார்த்துவிட்டுப் பூஜ்யம் எழுதினேன்.

“பியூலா, குடிக்கக் கொஞ்சம் தண்ணி குடும்மா. வெயில் மண்டையப் பிளக்குது.”

அந்த வீட்டில் எனக்கு எப்போதும் சில்வர் டம்ளரில்தான் தண்ணீர் வரும். அன்றைக்குப் பேப்பர் கப்பில் வந்தது. பியூலா அதை மதில்மேல் வைத்துவிட்டு நாலடி பின்னால் போய் நின்றாள். அழுது சிவந்த கண்.

“சார் மேலுக்கு எப்படிம்மா இருக்காரு?” என்று உடம்பை விசாரித்தேன்.

“முடியல அங்கிள்” என்றாள் உடனே. “அஞ்சாறு நாளா மேலுக்கு முடியல. இருமிக்கிட்டே இருக்காங்க. எந்திரிச்சு பாத்ரூம் போனாலே மூச்சு வாங்குது.”

“ஏம்மா, காலையிலகூட காய்ச்சல் இருக்கான்னு கேட்டேனே, இல்லன்னியே?”

“காய்ச்சல்னா நீங்க எழுதுவீங்கள்ல அங்கிள்.”

இந்த ஒரு வரியைத்தான் நீங்கள் எழுதி வைத்துக்கொள்ள வேண்டும். நம் ஊரில் “மேலுக்கு முடியலை” என்பது சொந்தக்காரர்களிடம் சொல்வது. “காய்ச்சல்” என்பது தாளில் ஏறுவது. அந்தப் பெண் பொய் சொல்லவில்லை. நான் கேட்ட வார்த்தைக்குப் பதில் சொன்னாள். அந்த வார்த்தைக்குள் ஒரு தகரம் இருந்தது.

முகக்கவசத்தை இறுக்கிக் கட்டிக்கொண்டு உள்ளே போனேன். சார் கட்டில் ஓரத்தில் இரண்டு கையையும் ஊன்றி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க மேஸ்திரி. வாசல்... எத்தனை அடின்னு... அளக்க வந்தீங்களா?”

கிண்டல் குறையவில்லை. ஆனால் இரண்டு வார்த்தைக்கு ஒருமுறை மூச்சு எடுத்தார். விரலில் மாட்டி ஆக்சிஜன் பார்க்கும் கருவியை அவருக்கு மாட்டினேன். எண்பத்து நாலு. கருவி கெட்டுவிட்டதோ என்று என் விரலில் மாட்டினேன். தொண்ணூற்று எட்டு. மறுபடி அவருக்கு. எண்பத்து நாலு.

“என்ன மார்க்?” என்றார்.

“எண்பத்தி நாலு சார்.”

“எங்க ஸ்கூல்ல... அது ஃபர்ஸ்ட் கிளாஸ்.”

“இதுல ஃபெயில் சார். கிளம்புங்க, ஆஸ்பத்திரிக்குப் போயிருவோம்.”

அவர் தலையாட்டினார், முடியாது என்று. “ஞாயித்துக்கிழமை... மூணாவது ஓலை. அது முடியட்டும். மாப்பிள்ளை வீட்டுக்குத் தெரிஞ்சா... தள்ளிப்போடுவாங்க. அம்மா இல்லாத பிள்ளை மேஸ்திரி.”

“அப்பாவும் இல்லாத பிள்ளையா ஆக்கப் போறீங்களா?” என்று கேட்டுவிட்டேன். கேட்ட பிறகுதான் பியூலா வாசற்படியில் நிற்பது தெரிந்தது.

டாக்டரம்மாவுக்குப் போன் போட்டேன். “ஞாயித்துக்கிழமை வரைக்குமா? இன்னும் ஒரு மணி நேரத்துல அவருக்கு ஆக்சிஜன் ஏறணும் மேஸ்திரி. ஆம்புலன்ஸ் எல்லாம் வெளிய போயிருக்கு, வர லேட்டாகும். கிடைக்கிற வண்டியில உக்கார வெச்சே கூட்டிட்டு வாங்க. ஒரு அடிகூட நடக்க விடாதீங்க. நான் பெட் சொல்லி வைக்கிறேன்.”

கிடைக்கிற வண்டி என்றால் அந்தத் தெருவில் ஒரே வண்டிதான். முருகேசனின் ஆட்டோ.

அவன் வாசலில் வண்டியைத் துடைத்துக்கொண்டிருந்தான். ஒரு வருஷமாக என்னோடு பேச்சு இல்லை. என்னைக் கண்டதும், “அடடே, மேஸ்திரிண்ணே! ஆணி வாங்க வந்தீங்களா, சுத்தியல் வாங்க வந்தீங்களா?” என்றான்.

“முருகேசா, ஞானமணி சாருக்கு மேலுக்கு முடியலடா. ஆஸ்பத்திரிக்குப் போகணும்.”

“மேலுக்குன்னா? அதுவா?”

இல்லை, சும்மா சளி என்று சொல்லியிருந்தால் உடனே வண்டியை எடுத்திருப்பான். எனக்கு அந்த நிமிஷம் ஒன்று புரிந்தது. இந்தத் தெருவில் முதல் பொய் என் தகரத்திலிருந்து பிறந்தது. அடுத்த பொய்யையும் நானே சொல்லக் கூடாது.

“அதுதான். மூச்சு எறங்கிக்கிட்டிருக்கு. மறைச்சுக் கூப்பிட மாட்டேன். உனக்கு இஷ்டம்னா வா. போன வருஷம் தகரம் அடிக்கச் சொல்லி எனக்கு யாரும் சொல்லலடா. நானா அடிச்சேன். தப்பு.”

அவன் துணியை உதறி ஹேண்டிலில் போட்டான். “தெரியும்ணே. அடிக்கிறப்ப உங்க மூஞ்சியப் பாத்தேன்ல.” பிறகு, “அந்தப் பதினாலு நாளும் என் பிள்ளைக்கு பால் பாக்கெட்ட தகரத்துக்கு மேல யாரு தூக்கிப் போட்டதுன்னு தெரியுமா?”

“யாரு?”

“ஞானமணி சாருதான். வேற ஒருத்தனும் அந்தப் பக்கம் திரும்பிப் பாக்கல. பாதி பாக்கெட்டு கீழ விழுந்து ஒடஞ்சிரும். மனுசனுக்கு குறி பத்தாது.” முகக்கவசத்தை மாட்டிக்கொண்டான். “உங்களுக்காக இல்ல. தள்ளுங்க, வண்டிய அங்க கொண்டாரேன்.”

சாரை நாற்காலியோடு தூக்கி வந்து ஆட்டோவில் உட்கார வைத்தோம். எல்லா ஜன்னலும் திறந்துவிட்டன. முக்கியமான முடிவு எடுக்க வேண்டியது அப்போதுதான். ஒன்றும் சொல்லாமல் கிளம்பினால், தெரு மறுபடி கதவைச் சாத்திக்கொள்ளும். “சார், சொல்லட்டுமா?” என்று கேட்டேன். “சொல்லுங்க... எப்படியும் தெரியத்தான் போகுது” என்றார்.

காய்ச்சல் இருக்கா என்று கூவிய அதே குரலில் சொன்னேன். “சாருக்கு மூச்சு முட்டுது. ஆஸ்பத்திரிக்கு கூட்டிட்டுப் போறோம். தகரம் கிடையாது. இந்த வீட்டுக்கும் கிடையாது, எந்த வீட்டுக்கும் கிடையாது. போன வருஷம் அடிச்சது என் தப்பு. யாருக்காவது மேலுக்கு முடியலைன்னா சொல்லுங்க, கையெடுத்துக் கும்பிட்டுக் கேக்குறேன்.”

ஆட்டோ கிளம்பியது.

ஆஸ்பத்திரியில் பெட் தயாராக இருந்தது. மாஸ்க் வைத்துக் காற்றைத் திறந்த பிறகு அவர் தோள் கீழே இறங்கியதை வாசல் கண்ணாடி வழியாகப் பார்த்தேன். “சரியான நேரத்துக்கு வந்தீங்க. நாளைக்குன்னா கஷ்டம்” என்றார் அங்கிருந்த நர்ஸம்மா. நானும் முருகேசனும் பியூலாவும் வெளியே மரத்தடியில் ஆளுக்கொரு பக்கமாக உட்கார்ந்தோம்.

பியூலா மாப்பிள்ளையின் அம்மாவுக்குப் போன் போட்டாள். எழுந்து நின்றுகொண்டே பேசினாள். பேசி முடித்ததும் என் பக்கம் திரும்பினாள்.

“என்னம்மா, கல்யாணம் வேணாங்கிறாங்களா?”

“அவங்க வீட்லயும் ரெண்டு பேருக்கு மேலுக்கு முடியலையாம் அங்கிள். நம்மளுக்குத் தெரிஞ்சா நாம தள்ளிப்போட்ருவோம்னு சொல்லாம இருந்தாங்களாம். அத்தை போன்லயே அழுறாங்க. சம்பந்தி எந்திரிச்சு வரட்டும், அதுக்கப்புறம் வெச்சுக்கலாம்னு சொல்லிட்டாங்க.”

முருகேசன் விழுந்து விழுந்து சிரித்தான். “ரெண்டு வீடும் சேந்து கோயிலுக்கு அம்புட்டு சனத்தையும் கூப்பிட்டு நோயப் பந்தி வெச்சிருப்பீங்க தாயி!”

மறுநாள் காலையில் தாளை மடித்துச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு தெருவுக்குள் நுழைந்தேன். நாற்பது வீட்டுக்கு நாலு மணி நேரம் ஆனது. அடுத்த தெரு மேஸ்திரி போலவே ஒவ்வொரு வாசலிலும் நின்று, “மேலுக்கு எப்படி இருக்கீங்க?” என்று கேட்டேன். பதினோரு பேர் சொன்னார்கள். கடைசி வீட்டு அம்மா, நெஞ்சுவலியில் போன தன் வீட்டுக்காரர் எட்டு நாள் இருமினார் என்பதையும் சொன்னார். அந்த அம்மாவுக்குக் கருவியை மாட்டினால் தொண்ணூறு. அன்றைக்கே அனுப்பினோம். பிழைத்துக்கொண்டார். அவர் கணவருக்கு நான் பூஜ்யம் எழுதிய எட்டு நாள் என் நெஞ்சில் இன்னும் இருக்கிறது.

மத்தியானம் மேலேயிருந்து ஒரு போன். “என்னய்யா, நேத்து வரைக்கும் பூஜ்யமா இருந்த தெருவு, ஒரே நாள்ல பதினொண்ணா? என்ன பண்ணிக்கிட்டு இருக்கே?”

“இன்னைக்குத்தான் சார் கேட்டேன்” என்றேன்.

அந்தப் பதினொன்றைத் தாளில் எழுதிவிட்டு வீட்டுக்குப் போய், பல நாளைக்குப் பிறகு நிம்மதியாகச் சாப்பிட்டேன்.

ஏன் ஒரு நாட்டில் அதிகம், ஒரு நாட்டில் குறைவு என்று இன்றைக்கும் படித்தவர்கள் எழுதிக்கொண்டிருக்கிறார்கள். எழுதட்டும். வயது ஒரு காரணம்; என் தெரு ஓய்வு பெற்றவர்களின் தெரு, அடுத்த தெருவில் லோடு ஏற்றும் இளவட்டங்கள் அதிகம். தூரம் ஒரு காரணம்; சார் ஆஸ்பத்திரிக்குப் போக எங்களுக்கு இருபது நிமிஷம் ஆனது, என் பிறந்த ஊரில் என் சித்தப்பா மகன் மூச்சு முட்டிக்கொண்டு வண்டிக்குக் காத்திருந்த நேரம் அதைவிடப் பல மடங்கு. அவன் பிழைத்தது எங்கள் அதிர்ஷ்டம். இன்னும் எனக்குத் தெரியாத காரணங்கள் ஆயிரம் இருக்கும். ஆனால் இவை எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று இருக்கிறது. அந்த நாட்டில் கதவைத் தட்டியவன் எப்படிப்பட்டவன், அவனிடம் உள்ளே இருந்தவர்கள் என்ன சொன்னார்கள் என்பது. அது உங்கள் கையில் இருக்கிறது. பட்டம் அதற்கு வேண்டாம். என்னைப்போல் நாற்பது வருஷமும் வேண்டாம்.

சார் பதினோராவது நாள் திரும்பி வந்தார். ஒரு ஞாயிற்றுக்கிழமை. தெருமுனையில் ஆட்டோவை நிறுத்தச் சொன்னார், நடந்துதான் போவேன் என்று. டாக்டரம்மாவும் கொஞ்சம் நடக்கலாம் என்று சொல்லியிருந்தார். பாதி ஆளாக இளைத்துவிட்டார். சட்டை தொளதொளவென்று தொங்கியது. பியூலா ஒரு பக்கம், முருகேசன் ஒரு பக்கம், நான் பின்னால் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு. வாசலுக்கு வாசல் ஆட்கள் வந்து நின்றார்கள்.

மூன்றாவது வீட்டு முன்னால் சார் நின்றுவிட்டார். மூச்சு வாங்குகிறதோ என்று நான் நாற்காலியை விரித்தேன். அவர் கையமர்த்தினார். முகத்தைத் தூக்கி, முகக்கவசத்தின் ஓரத்தை லேசாக விலக்கி, இழுத்து மோந்தார். பத்துப் பதினைந்து நாளாக வாசம் தெரியாமல் அவருக்குக் கஞ்சியும் காப்பியும் ஒரே மாதிரி இருந்தன என்று பியூலா சொல்லியிருந்தாள்.

“கறிக்கொழம்பா?” என்று வாசலில் நின்ற அம்மாவைப் பார்த்துக் கேட்டார்.

“ஆமா சார். கொடுத்து விடவா?”

“கொடுங்க. அதுக்கு முன்னாடி உள்ள போய்ப் பாருங்க. அடிப்பிடிக்குது.”

அந்த அம்மா உள்ளே ஓடினார். தெருவே சிரித்தது. பியூலா மட்டும் முருகேசன் தோளுக்குப் பின்னால் போய் நின்று அழுதாள்.